எட்டாவது மாடியில் ஒரு லெமனேட்: பிலடெல்பியா 'பாக்' கட்டடம்

"அப்பா, மொட்டைமாடியில ஒரு பார் இருக்கு, வர்றீங்களா?" என்றாள் மகள். குடிக்காத மனுஷனை எதற்குக் கூப்பிடுகிறாள் என்று பார்த்தேன். "முன்னாடி அது பள்ளிக்கூடம்ப்பா. தொழில் சொல்லிக் கொடுக்கிற இடம், உங்க ஐ.டி.ஐ. மாதிரி." சரி, அதற்காகவே கிளம்பினேன். அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன் நான்.

பிராட் தெரு சுரங்க ரயிலில் போய் டாஸ்கர்-மோரிஸ் ஸ்டேஷனில் இறங்கி, ஒன்பதாம் தெரு வரை பொடிநடை. சுற்றிலும் ஒட்டி ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகள், நடுவில் மலை மாதிரி எட்டு மாடி. 1930களில் ஊரே வேலையில்லாமல் கிடந்தபோது ரூஸ்வெல்ட் அரசு பொதுப்பணிக்கு ஒதுக்கிய பணத்தில் கட்டி, 1938இல் திறந்தார்கள். வரைபடம் போட்டவர் இர்வின் காதரின். அந்த நகரத்துப் பள்ளிக் கட்டடங்களில் நூற்றுக்கு மேல் அவர் கைபட்டவை. எட்வர்ட் பாக் என்ற பத்திரிகை ஆசிரியரின் பெயரை வைத்திருக்கிறார்கள். சின்னப் பையனாக நெதர்லாந்திலிருந்து வந்து, படிப்பைப் பாதியில் விட்டு, ஆபீஸ் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர் அவர். தொழிற்பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

நீங்கள் போனால் நேராக லிஃப்டில் ஏறிவிடாதீர்கள். முதலில் கீழே சுற்றுங்கள். காரிடாரில் ஓடு பதித்த சுவர், பிள்ளைகள் பை வைத்த இரும்பு லாக்கர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒரு லாக்கரின் கீலை ஆட்டிப் பார்த்தேன் (கை சும்மா இருக்காது). இன்னும் கெட்டியாக இருக்கிறது. கொத்து வேலை, பிளம்பிங், தையல், முடி அலங்காரம், சமையல், மோட்டார் மெக்கானிக் என்று இங்கே கற்றவர்கள் ஏராளம். இப்போது அதே அறைகளில் பழைய பாட்டில்களை உருக்கிக் கண்ணாடிச் சாமான் செய்கிறார்கள், முடி வெட்டுகிறார்கள், நகை செய்கிறார்கள். தொழில் நடக்கிறது, கற்றுக்கொள்ள வரும் பதினாறு வயதுப் பிள்ளைகள்தான் இல்லை.

2013இல் கல்வித்துறையின் கஜானா காலி. ஒரே கூட்டத்தில் 23 பள்ளிகளை மூட வாக்களித்தார்கள், அதில் இதுவும் ஒன்று. பிள்ளைகளைப் பக்கத்திலிருந்த தெற்கு பிலடெல்பியா உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். கால்பந்தில் இரண்டுக்கும் பல வருஷப் பகை! நேற்றுவரை எதிரணியில் நின்றவனோடு இன்று ஒரே சட்டை போட்டு ஆடச் சொன்னால் எப்படி இருந்திருக்கும்? அப்புறம் 3,40,000 சதுர அடிக் கட்டடத்தை 17.5 லட்சம் டாலருக்கு ஸ்கவுட் என்ற நிறுவனம் வாங்கியது. மனக்கணக்குப் போட்டேன், சதுர அடிக்கு ஐந்து டாலர் சொச்சம். நம் பக்கம் இந்த விலைக்குச் சுடுகாட்டுக்குப் பக்கத்தில்கூட இடம் கிடைக்காது.

2015 கோடையில் மாடியில் முதன்முதலாகப் பிரெஞ்சு உணவுக்கடை போட்டபோது, பிள்ளைகளை வெளியேற்றிய இடத்தில் ஒயினா என்று ஊரில் சலசலப்பு எழுந்ததாம். நியாயமான கோபம்தான். ஆனால் இடித்துத் தள்ளாமல், கரும்பலகைச் சுவரைக்கூட மதித்து வைத்திருப்பதற்கு நான் மதிப்பெண் போடுவேன்.

மேலே காற்று அருமை. வடக்கே நகரத்தின் உயரக் கட்டடங்கள் மொத்தமும் தெரிகின்றன. வெயில் தாழ ஏழு மணிக்கு மேல் போங்கள். மாடி பார் கோடைக்காலத்தில் மட்டும்தான். அதே எட்டாம் மாடியில் இருக்கும் உணவகத்துக்குக் கட்டடம் வரைந்தவர் நினைவாக 'இர்வின்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை அடுத்த முறை பார்க்க வேண்டும்.

நான் குடித்த லெமனேட் நன்றாக இருந்தது. விலையை மட்டும் மகள் கடைசிவரை சொல்லவில்லை. எண்பதால் பெருக்கிவிடுவேனாம்.