ஜி.ஐ. பைப்பை ஒட்டுப் போடுவதா, எச்.டி.பி.இ.க்கு மாறுவதா?

எங்கள் வீடு தூத்துக்குடியில், உப்பளத்துக்குப் பக்கம். தெருக் குழாயிலிருந்து சம்ப் வரை 12 மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் மண்ணுக்கடியில் கிடந்தது. முற்றத்தில் ஓர் இடம் மட்டும் காயாமலே இருக்கிறதே என்று தோண்டினால், பைப்பின் அடிப்பக்கம் துருவேறிப் பொத்துப்போயிருந்தது.

முதலில் ரப்பர் வைத்து கிளாம்ப் போட்டோம். பத்து நிமிட வேலை, செலவும் குறைவு. ஆனால் நான்கே மாதத்தில் இரண்டடி தள்ளி அடுத்த ஓட்டை. உப்பு மண் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிட்ட பிறகு, ஓட்டையை அடைப்பது அடுத்த ஓட்டை விழும்வரைதான். கெட்ட துண்டை மட்டும் வெட்டி மாற்றலாமா என்றும் பார்த்தோம். ரெஞ்சு போட்டுத் திருப்பியதும் பழைய திருகு மறை உதிர்ந்துவிட்டது.

சரி, முழுவதும் மாற்றுவது என்று முடிவானது. விறைப்பான பிளாஸ்டிக் பைப்பான யு.பி.வி.சி.யா, வளையக்கூடிய பிளாஸ்டிக் பைப்பான எச்.டி.பி.இ.யா? இரண்டுமே துருப்பிடிக்காது, விலையிலும் நாங்கள் கவலைப்படும் அளவு வித்தியாசமில்லை. எனக்கு முடிவைச் சொன்னது மண்ணுக்கடியில் வரும் ஜாயின்ட்டுகளின் எண்ணிக்கை.

நமக்கு 24 மணி நேரமும் தண்ணீர் வருவதில்லை. வரும்போது பைப்பில் அழுத்தம் இருக்கும். கசிவு வழியே தண்ணீர் வெளியே போகும். நின்றபின் பைப் காலியாகி உள்ளே இழுக்கும். அப்போது அதே கசிவு வழியே சுற்றியுள்ள சேற்றுநீர் உள்ளே வரும். பக்கத்தில் சாக்கடை போனால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் விடும் நாளில் முதல் ஐந்து நிமிடம் கலங்கலாக வந்ததற்குக் காரணம் எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. குழந்தைகள் குடிக்கிற தண்ணீர் அது. பைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இந்த இழுப்பு இன்னும் மோசம்.

யு.பி.வி.சி. நீளம் நீளமாக வரும். ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு கப்ளிங், திருப்பத்துக்கு ஒரு எல்போ, எல்லாம் பசை போட்டு ஒட்டுவது. பசை காயாமல் தண்ணீர் விட்டாலோ, மண் இறங்கினாலோ அந்த இடம்தான் முதலில் விடும். எச்.டி.பி.இ. சுருளாக வருகிறது, வளைத்தே கொண்டுபோகலாம். எங்கள் 12 மீட்டரில் நடுவே ஒரு ஜாயின்ட்கூட இல்லை. இரண்டு முனையில் மட்டும் கம்ப்ரஷன் ஃபிட்டிங், அதாவது பசையில்லாமல் முறுக்கி இறுக்கும் இணைப்பு. அவற்றையும் மூடி வைத்த சிறு தொட்டிக்குள் விட்டிருக்கிறோம், எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

வாங்கும்போது அளவில் கவனம் தேவை. ஜி.ஐ.யில் முக்கால் இஞ்சு (சுமார் 20 மி.மீ.) என்றால் உள்துளையை ஒட்டிய கணக்கு. எச்.டி.பி.இ.யில் 20 மி.மீ. என்பது வெளிவிட்டம், துளை அதைவிடச் சிறியது. அதனால் நாங்கள் 25 மி.மீ. போட்டோம்.

போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது, கசிவு இல்லை. கார் ஏறி இறங்கும் வாசலுக்கு இது எப்படித் தாங்கும் என்பதில் எனக்கு அனுபவமில்லை. எங்கள் பாதையில் சைக்கிள்தான் போகும். சுவரில் வெளியே தெரிகிற இடத்துக்கு, அடி பட்டாலும் தாங்கும் என்பதால் ஒரு துண்டு ஜி.ஐ.யே வைத்திருக்கிறோம். தெருவில் தோண்டும் பகுதிக்கு மாநகராட்சி அனுமதி வாங்க வேண்டும்.

அப்புறம், பழைய வீடுகளில் சிலர் எர்த் கம்பியை இந்தத் தண்ணீர்ப் பைப்பில்தான் கட்டியிருப்பார்கள். இரும்பை எடுத்துப் பிளாஸ்டிக் போட்டால் வீட்டுக்கு எர்த்தே போய்விடும். பைப்பை வெட்டும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் பார்த்துவிடுங்கள்.