கல்முனையில் வாங்கிய கை அகராதி: ‘கேஷ்’ இருக்கிறது, காசின் கதை இல்லை

மகள் இந்த வருசம் ஓ லெவல் எடுக்கிறாள் என்று கல்முனை டவுனில் ஒரு கடையில் ஆங்கிலம் – தமிழ் கை அகராதி ஒன்று வாங்கினேன், 950 ரூபாய். பொலித்தீன் உறையைப் பிரித்துப் பார்க்க விடவில்லை. வீட்டில் வந்து பிரித்தால் ‘எம்’ எழுத்தில் எட்டுப் பக்கம் தலைகீழாகத் தைத்துக் கிடக்கிறது. திருப்பிக் கொண்டு போனேன். "ஸ்டொக் முடிஞ்சி, மறுகா வாங்க" என்றார்கள். மூன்று கிழமையாகிறது.

எழுத்து தெளிவு, தாளும் பரவாயில்லை. பொருள் பார்க்க மட்டும் என்றால் போதும், ஆனால் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி கிடையாது. ‘கேஷ்’ என்று தேடினால் "ரொக்கம், காசு", அவ்வளவுதான். "அப்பா, இது நம்மட காசுதானே?" என்று மகள் கேட்டாள். நானும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நம்பியிருந்தேன்.

போனில் தேடிப் பார்த்தால் அது பாதிதான் சரி. நாம் கடையில் நீட்டுகிற ‘கேஷ்’ பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் பணப்பெட்டிக்கு இருந்த பெயர், அதற்கு மூலம் பெட்டி என்று பொருள்படும் ‘கப்சா’ என்கிற இலத்தீன் சொல். பெட்டியின் பெயர் போய் உள்ளே கிடந்த பணத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் அதே எழுத்தில் ஆங்கிலத்தில் இன்னொரு ‘கேஷ்’ இருக்கிறது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசுக்கும், மதராசில் ஓடிய சில்லறைக்கும் அதுதான் பெயர். அதுதான் நம்மட காசு, போர்த்துக்கேயர் வாயில் ‘கைஷா’வாகி ஆங்கிலத்துக்குப் போனது. மதராசில் 1818க்கு முன் 80 காசு ஒரு ‘பணம்’ என்கிற நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்கிற பொற்காசு என்று கணக்கு. இந்தியாவில் ஆங்கிலேயர் பழகிய சொற்களுக்கென்று 1886இல் வந்த ஹொப்சன்-ஜொப்சன் அகராதியில் இந்தக் காசைப் பற்றி நீளமாகவே இருக்கிறது, இணையத்தில் இலவசம்.

‘கேஷியர்’ இன்னும் மோசம். காசாளர், படை அதிகாரியை அவமானப்படுத்திப் பதவி நீக்கு, இரண்டையும் ஒரே தலைப்பில் கொட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒட்டே இல்லை, பின்னது டச்சு வழியாக வந்த வேறு சொல். காசில் கை வைத்த கேஷியரைத்தான் நிற்பாட்டுகிறார்களாக்கும் என்று மகள் விளங்கிக்கொண்டாள், அவளைக் குறை சொல்லவும் முடியாது. (கடையில் விற்கிற கஜுவுக்கும் காசுக்கும்கூட உறவில்லை, அது பிரேசில் பழங்குடிச் சொல்.)

சோதனைக்கு மட்டும் என்றால் வாங்கலாம். என்ன சொன்னாலும் கடையிலேயே உறையைப் பிரிக்கச் சொல்லி ‘எம்’ பக்கத்தைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.