நுரையீரலில் எல்லைக்கோடு: காற்றா, பச்சைச் சாயமா?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் இங்கே கிடைக்கும். நுரையீரல் கட்டியை அறுத்தெடுக்கக் கோயம்புத்தூருக்கு இறங்கிப்போகிறவர் திரும்பி மலையேறித்தான் வாழ வேண்டும் என்பதால், எவ்வளவு நுரையீரல் மிஞ்சுகிறது என்பது அவருக்குப் பெரிய விஷயம்.

2 சென்டிமீட்டருக்கு மிகாத, ஓரத்தில் இருக்கும் கட்டிகளுக்கு நுரையீரலின் ஒரு மடல் முழுவதையும் எடுக்காமல், அந்த மடலின் உட்பிரிவான ஒரு கூறை மட்டும் எடுக்கலாம் என்பதற்கு 2022இல் வெளியான ஜப்பானிய ஆய்வு வலு சேர்த்தது. சிக்கல் என்னவென்றால், எல்லைக்கல் நடாத தேயிலைத் தோட்டம்போல, கூறுகளுக்கு இடையே வெளியில் தெரியும் கோடு கிடையாது.

அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கும் பழைய வழி காற்று. கூறுக்குப் போகும் மூச்சுக்குழாயை அடைத்து, நுரையீரலை ஊதி, பிறகு காத்திருப்பார்கள். மற்ற பகுதி சுருங்கும். அந்தக் கூறு மட்டும் உப்பிநிற்கும். கூடுதல் செலவில்லை. ஆனால் பத்து இருபது நிமிடம்கூட ஆகலாம். சிறு துளை வழியே செய்யும்போது ஊதிய நுரையீரல் கேமராவையே மறைத்துவிடும். பீடியிலும் விறகடுப்புப் புகையிலும் காற்றறைகள் சிதைந்திருந்தால், சுருங்க வேண்டியது சரியாகச் சுருங்காது, கோடும் மங்கும்.

சாய வழியில் கூறின் தமனியை முதலில் அடைக்கிறார்கள். பிறகு இண்டோசயனைன் கிரீன் என்ற பச்சைச் சாயம் நரம்பு ஊசியாக இரத்தத்தில் ஏறுகிறது. அரை நிமிடத்துக்குள் அகச்சிவப்புக் கேமராவின் திரையில் நுரையீரல் பச்சையாக ஒளிர, இரத்தம் போகாத கூறு மட்டும் கருத்துக்கிடக்கும். ஒளி சில நிமிடங்களில் மங்கத் தொடங்குவதால், மருத்துவர் உடனே மின்கத்தியால் விளிம்பில் புள்ளி புள்ளியாகச் சுட்டுக் குறித்துக்கொள்வார். ஊத வேண்டியதில்லை. கரி படிந்த நுரையீரலில் இந்த ஒளியும் மங்கலாம். மேற்பரப்புக்குக் கீழே ஆழமாகவும் காட்டாது. தமனியைத் தவறாக அடையாளம் கண்டால் கோடும் தவறாகவே விழும்.

துளைவழிச் சிகிச்சை என்றால், புகைபிடித்தவருக்கு என் ஓட்டு சாயத்துக்கே. நெஞ்சைத் திறந்து செய்வதாக இருந்து, நுரையீரலும் நன்றாக இருந்தால், காற்றே போதும். அகச்சிவப்புக் கேமரா இல்லை என்பதற்காக நல்ல மருத்துவரை விட்டு ஓட வேண்டாம்.

அமெரிக்காவில் 2022 டிசம்பரில் நுரையீரலுக்கு ஒப்புதல் பெற்ற பாஃபோலாசியானைன் என்ற ஒளிரும் மருந்து இந்தப் போட்டியில் சேராது. அது கட்டியையே ஒளிரவைக்கும். கூறின் எல்லையைக் காட்டாது.

இண்டோசயனைன் கிரீன் மருந்தில் அயோடைடு உண்டு. அயோடின் ஒவ்வாமை இருப்பவர்கள் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.