வேர்கொன் எஸ்: கிளிக்கூட்டுக்கு வாங்கலாமா?

வேர்கொன் எஸ் நல்ல கிருமிநீக்கி. ஆனால் கிளிகளைத் தாக்கும் போர்னா வைரஸுக்குப் பயந்து, அதற்காக மட்டுமே வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ அலைந்து இந்தத் தூளை வாங்கவேண்டாம். புதிதாக வரும் பறவையைத் தனியே வைக்க இன்னொரு கூடு, மிருக வைத்தியர் மூலம் ஒரு பரிசோதனை, இந்த இரண்டுக்கும் அந்தக் காசு போகட்டும்.

போர்னா வைரஸுக்குக் கொழுப்பாலான உறை உண்டு. உறை சிதைந்தால் வைரஸ் செயலற்றுப்போகும். சவர்க்காரம், குளோரின், வெயிலின் புற ஊதாக் கதிர், 56 பாகை செல்சியஸில் அரை மணி நேரச் சூடு, பிஎச் 5க்குக் கீழான அமிலம் எல்லாமே அதை முடக்கும். வேர்கொனின் 1 சதவீதக் கரைசலின் பிஎச் ஏறத்தாழ 2.6. போதாததற்குப் பொட்டாசியம் பெராக்சிமோனோசல்பேட் என்ற ஒட்சியேற்றியும் ஒரு சவர்க்காரப் பொருளும் தூளில் இருக்கின்றன. கூட்டின் தட்டில் கிடக்கும் வைரஸ் இதற்குத் தப்பாது. ஆனால் அது தட்டில் குடியிருப்பதில்லையே.

அது இருப்பது பறவையின் நரம்புக் கலங்களில், அதுவும் கலக்கருவுக்குள். கலத்தைக் கொல்லாமலே ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கும். கிளிகளின் சுரப்பு இரைப்பை வீங்கிச் சாகும் நோய்க்கு இதுதான் காரணம் என்பதற்கான தடயத்தை 2008இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டெடுத்தன. இரைப்பையை இயக்கும் நரம்புகளைப் பறவையின் சொந்த நோயெதிர்ப்புக் கலங்களே தாக்குவதால் தீனி கீழே நகராது. எச்சத்தில் தினையும் சூரியகாந்தி விதையும் முழுசாக வரும். வயிறு நிறையத் தின்றும் மார்பெலும்பு கத்திபோல் துருத்தும். சிலவற்றுக்கு நடுக்கம், வலிப்பு.

ஒரு நோய்க்குறியும் இல்லாத பறவைகூட எச்சத்தோடும் சிறுநீரோடும் வைரஸை வெளியேற்றலாம். அதையும் தொடர்ச்சியாகச் செய்யாது, விட்டுவிட்டுத்தான். ஆகவே வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனை ஒன்றில் ‘இல்லை’ என்று வந்ததை நம்பிப் பழைய பறவைகளோடு சேர்க்கக்கூடாது. சில வாரம் விட்டு மறுபடியும் மாதிரி எடுக்கவேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: வளர்ந்த காக்கடீல் என்ற கிளி இனத்துக்கு வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வைரஸைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் அவற்றுக்குத் தொற்று ஏற்படவில்லை. தட்டைத் தேய்த்துக்கொண்டே, சோதிக்காத பறவையைக் கூட்டுக்குள் விடுவதில் என்ன பயன்?

வேர்கொனுக்குக் கொடுக்கும் காசு மீள்வது உறையில்லாத வைரஸ்களிடம். கிளிகளின் சொண்டையும் இறகையும் சிதைக்கும் சேர்க்கோ வைரஸ், கோழிகளின் கம்பரோ வைரஸ் ஆகியவை வெறும் சவர்க்காரத்துக்கு அசையாதவை. ஒரே வளவில் கோழியும் கிளியும் நிற்கும் வீடுகளுக்கு இந்தத் தூள் பொருந்தும். வன்னிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது. சவர்க்காரம் நுரைக்காது, கேத்திலில் வெள்ளையாகப் படியும். வேர்கொனில் சேர்ந்திருக்கும் பொஸ்பேற்று அந்தக் கடினத்தன்மையைத் தாங்கிக்கொள்ளும். இது உண்மையிலேயே பெரிய அனுகூலம்.

அளவு: லீற்றருக்கு 10 கிராம். 50 கிராம் பைக்கற்று 5 லீற்றருக்குச் சரி. கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். தூள் பறந்து மூக்கிலும் கண்ணிலும் எரியும். முகக்கவசமும் றப்பர் கையுறையும் போடுங்கள். பறவைகளை வேறு அறைக்கு மாற்றிவிட்டே தொடங்கவேண்டும். அவற்றின் சுவாசப்பை இந்தத் தூவலைத் தாங்காது.

பலர் தவறுவது இதற்கு முந்திய படியில். காய்ந்த எச்சத்தின் மேல் நேரடியாகத் தெளித்தால் மருந்தின் வலு எச்சத்திலேயே தீர்ந்துவிடும். சுரண்டி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, அலசி, தண்ணீர் வடிந்த பிறகுதான் வேர்கொன். பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கவேண்டும். சித்திரை, வைகாசி நண்பகலில் கம்பிக்கூடு மூன்று நிமிடத்திலேயே காய்ந்துவிடும்; விடியற்காலையில் நிழலில் வைத்துச் செய்யுங்கள், காய்ந்த இடத்தில் திரும்பத் தெளியுங்கள். முட்டையிட வைக்கும் மண்முட்டியும் மரக் கொப்பும் துளையுள்ளவை. அவற்றைக் கழுவி மினக்கெடாமல் எறிந்துவிட்டுப் புதிது வையுங்கள்.

பத்து நிமிடம் முடிந்ததும் கூட்டை நிறையத் தண்ணீர் விட்டு அலசுவதை ஒருபோதும் தவிர்க்கவேண்டாம். இங்கே விற்கும் மலிவான கூடுகள் நாகம் (சிங்க்) என்ற உலோகம் பூசிய கம்பி. அமிலம் தங்கினால் பூச்சு அரிக்கும், கிளி அதைச் சொண்டால் கடிக்கும். நாகம் உடலில் ஏறிய கிளியும் தின்றதைக் கக்கும், மெலியும், நடுங்கும். போர்னா நோய் என்றே தோன்றும். கூட்டைச் சுத்தம் செய்யப்போய் அதே நோய்க்குறிகளை நாமே உண்டாக்கிவிடக்கூடாது. இப்படியான பறவையைக் கொண்டுபோகும்போது கூட்டுக் கம்பியின் நிலையையும் மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றில் போடும் குளோரின் தூளோடு இதைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது ஆளையும் கொல்லும்.

மனிதருக்கு இந்த வைரஸ் தொற்றுமா என்ற பயம் பலருக்கு உண்டு. கிளிகளின் போர்னா வைரஸ் மனிதரை நோயாக்கியதாக நிறுவப்படவில்லை. மனிதரைக் கொன்றவை வேறு இரண்டு. ஜேர்மனியில் 2011க்கும் 2013க்கும் இடையில் அணில் வளர்ப்பாளர் மூவர் மூளை அழற்சியால் இறந்தார்கள். அவர்களைத் தாக்கியது வளர்ப்பு அணில்களிலிருந்து வந்த ஒரு புதிய போர்னா வைரஸ் என்று 2015இல் வெளியானது. மற்றது குதிரை, செம்மறிகளின் பழைய போர்னா நோயை உண்டாக்குவது. ஜேர்மனியின் சாக்சனி மாநிலத்திலுள்ள போர்னா என்ற ஊரின் பெயரே அந்த நோய்க்கு வந்தது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அது கொடையாளியிடமிருந்து தொற்றிய செய்தி 2018இல் வெளிவந்தது. இயற்கையில் அதைச் சுமப்பதாக அறியப்பட்டது இருநிற வெண்பல் மூஞ்சூறு. அந்த வைரஸ் பரவியிருக்கும் பகுதி நடு ஐரோப்பா. நம் நெல்மூட்டைகளுக்கிடையே ஓடும் மூஞ்சூறு வேறு இனம்.

வாங்குவதானால் முத்திரை உடையாத பைக்கற்றாக, திகதி பார்த்து வாங்குங்கள். பெரிய வாளியிலிருந்து பொலித்தீனில் பிரித்துக் கட்டியதை எடுக்கவேண்டாம்; ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தூள் கட்டிபட்டு வலு இழக்கும். கரைத்தது ஒரு வாரம் வரை தாங்கும் என்பார்கள். இங்குள்ள சூட்டில் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கரைப்பது நல்லது. இளஞ்சிவப்பு நிறம் வெளிறிவிட்டால் மருந்து தீர்ந்துவிட்டது. ஊற்றிவிடுங்கள், கிணற்றடியிலும் குளக்கரையிலும் மட்டும் வேண்டாம்.