மகளுக்கு வாங்கிய முதல் கையடக்க விளையாட்டுக் கருவி

பாலர் பள்ளியில் படிக்கும் ஆறு வயது மகளுக்கு முதலில் நாங்கள் வாங்கியது, நானூறு விளையாட்டுகள் அடங்கியது என்று பெட்டியில் அச்சிடப்பட்டிருந்த ஒரு மலிவான கருவி. அவற்றுள் பல ஒரே ஆட்டத்தின் வேறு பெயர்களாக இருந்ததோடு, ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திச் சேமிக்கவும் வழியில்லாததால், சாப்பிடக் கூப்பிட்டபோதெல்லாம் அழுகைதான் மிஞ்சியது.

அதற்குப் பின் வாங்கிய, 2019இல் வெளிவந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் லைட், 5.5 அங்குலத் திரையும் ஏறத்தாழ 275 கிராம் எடையும் உடையது. பொத்தானை அழுத்தினால் உறங்கி, விட்ட இடத்திலிருந்தே தொடர்வதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. இதைத் தொலைக்காட்சியுடன் இணைக்க முடியாது. எங்கள் வீட்டில் தொலைக்காட்சி பாட்டியின் நாடகங்களுக்கே என்பதால், நான் அதைக் குறையாகவே கருதவில்லை. பக்கப் பிடிகள் கழன்று வராதவை என்பதால், ஒன்று பழுதானாலும் முழுக் கருவியையும் கொடுத்தே சரிசெய்ய வேண்டும் என்பதுதான் உண்மையான குறை.

பெற்றோருக்கான கைப்பேசிச் செயலியில் நாள் வரம்பை அமைத்தால் மட்டும் போதாது. நேரம் முடிந்ததும் ஆட்டத்தை இடைநிறுத்தும் தெரிவையும் இயக்க வேண்டும், இல்லையேல் எச்சரிக்கை மட்டுமே வரும். சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு இவ்வயதினருக்குப் பள்ளிக்கு வெளியே நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான திரைநேரத்தையே பரிந்துரைப்பதால், நாங்கள் நாற்பது நிமிடம் வைத்திருக்கிறோம். ஆட்டங்கள் பதிந்து வரும், கருவியில் செருகும் விளையாட்டு அட்டைகள் மிகச் சிறியவை. குழந்தைகள் விழுங்கிவிடாதிருக்கக் கசப்புப் பூசியிருக்கிறார்கள், நானே நக்கிப் பார்த்துவிட்டேன்.