பாம்பன் பாலத்தில் அலைந்த கேரவன்: 41,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு எழுதுவது

ஆனி மாதம் ஒரு மதியம், மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி இடது பக்கமாக ஒரு முழம் நகர்ந்தது. நான் ஸ்டியரிங்கை வலது பக்கம் பிடித்தேன். எதிரே ஒரு பேருந்து வந்து அந்த நொடி காற்றை மறைத்தது, உடனே வண்டி வலது பக்கம் பாய்ந்தது, மறுபடி இடது. பின்னால் படுக்கையில் உட்கார்ந்திருந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு "நிறுத்துடா, நான் நடந்தே வர்றேன்" என்றார். பாலத்தில் எங்கே நிறுத்துவது? 30ல் உருட்டிக்கொண்டே அந்தப் பக்கம் இறங்கினேன். இறங்கியதும் கை இரண்டும் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அது நடந்து இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகிறது. அதே வண்டியில்தான் போன ஆடி மாதமும் ராமேஸ்வரம் போனோம், அம்மா வழியில் தூங்கிவிட்டார். இடையில் என்னென்ன செய்தேன், எதில் காசு வீணானது, எது நிஜமாகவே வேலை செய்தது என்று எழுதலாம் என்று நினைத்தேன். இப்போது நிறைய பேர் பழைய வேனை வாங்கிக் கேரவனாக மாற்றுகிறார்கள், வண்டி நேராக ஓடாமல் இடமும் வலமுமாக அலையும் இந்த அலைச்சல் பிரச்சினை எல்லாருக்கும் வருகிறது.

என்னுடையது பழைய 17 சீட்டு வேன். முன்னால் நேர் ஆக்ஸில், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், பின்னால் இரட்டை டயர். சீட்டுகளை எடுத்துவிட்டுக் கட்டில், சின்னச் சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, இரண்டு பெரிய இன்வெர்ட்டர் பேட்டரி, மேலே இரும்பு கேரியர், சோலார் பேனல் எல்லாம் போட்டோம். (சீட்டை எடுப்பது, வண்டியின் பாடியை மாற்றுவது எல்லாம் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்குள் வரும். ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றாமல் ஓட்டாதீர்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போதுதான் அதன் அருமை தெரியும்.)

எங்கள் கடற்கரையில் வைகாசியில் கச்சான் பிடித்தால் புரட்டாசி வரைக்கும் விடாது. தென்மேற்கிலிருந்து வரும் காற்று. ராமேஸ்வரம் போகும்போது வலது விலாவில் அடிக்கும், திரும்பும்போது இடது விலாவில். பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைத்ததில்லை, அப்படி அடிக்கிற இடம். கேரவனின் பக்கவாட்டு ஆறு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டருக்கு மேல் உயரமும் உள்ள ஒரு தகரச் சுவர். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அந்தச் சுவரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் நான் ஆரம்பத்தில் நினைத்தது, இது காற்றின் குற்றம், எந்த வண்டியானாலும் இப்படித்தான் என்று. அந்த நினைப்பில்தான் ஒரு வருடம் போனது. உச்சிப்புளி தாண்டி, காற்றே இல்லாத ஒரு விடியற்காலையில் காலிச் சாலையிலும் வண்டி அலைவதைக் கவனித்த பிறகுதான் உறைத்தது. காற்று தள்ளுவது ஒரு விஷயம், வண்டி தானாக அலைவது இன்னொரு விஷயம்.

முதலில் செய்த தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டறையில் "ஸ்டியரிங் லூசா இருக்கு" என்று ஸ்டியரிங் பாக்ஸின் (ஸ்டியரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் கியர் பெட்டி) மேலே இருக்கும் திருகை இறுக்கிவிட்டார்கள். ப்ளே, அதாவது ஸ்டியரிங்கை ஆட்டியும் சக்கரம் திரும்பாத அந்தத் தளர்வு, குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் வளைவில் திருப்பியபின் வீல் தானாக நேருக்குத் திரும்பவில்லை, நடுவில் பிடித்துக்கொண்டது. நேர்ச் சாலையில் கூட ஒவ்வொரு தடவையும் நானே இழுத்து நேராக்க வேண்டியிருந்தது, அதனால் அலைச்சல் கூடத்தான் செய்தது. அந்தத் திருகு பாக்ஸுக்குள் கியரின் பல்லும் பல்லும் எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதற்கானது. வெளியே இருக்கும் தேய்மானத்தை அதை இறுக்கி மறைத்தால் பாக்ஸ்தான் கெடும். அப்புறம் 6,000 ரூபாய்க்கு ஸ்டியரிங் டேம்பர் ஒன்று போட்டேன். குழியில் விழும்போது கைக்கு வரும் உதறல் குறைந்தது, அலைச்சல் அப்படியே இருந்தது. மூன்றாவது, பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாக ஏற்றினோம். அதுதான் பெரிய தப்பு.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள், நேர் செங்குத்தாக இருக்காது, மேல்பக்கம் ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். கையை விட்டாலும் கொஞ்ச தூரம் நேராக ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். வேனின் முன் ஆக்ஸிலிலும் கிங் பின் (முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சாணி) அப்படிப் பின்னால் சாய்ந்துதான் நிற்கும், அதற்குக் கேஸ்டர் என்று பெயர். பின்பக்கத்தைத் தூக்கினால் மொத்த வண்டியும் முன்னால் குனியும், கிங் பின்னின் சாய்வும் குறையும். எங்களுக்குப் பின்னால் 40 மில்லிமீட்டர் ஏறியது. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே 3,350 மில்லிமீட்டர். கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 0.7 டிகிரி கேஸ்டர் போயிற்று. மொத்தமே சில டிகிரிதான் இருக்கும் என்னும்போது அது சின்ன இழப்பு இல்லை. பார்க்க வண்டி கம்பீரமாக நின்றது, ஓட்டினால் முன்னைவிட மோசம்.

வழி காட்டியது மெக்கானிக் இல்லை, எங்கள் தெருவில் இருக்கும் மீனவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது வந்து பார்த்துவிட்டு, "மாப்ள, அணியம் லேசாப் போனா வள்ளம் சொன்ன பேச்சு கேக்காது. நீ தண்ணியப் பூராம் பின்னாடி வச்சிருக்கியே" என்றார். அணியம் என்பது படகின் முன்முனை. அவர்களுக்கு இது தினப்படி விஷயம், வலையும் ஐஸ் பெட்டியும் எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள்.

மறுநாளே உப்பு லாரிகள் எடை போடும் மேடைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். தண்ணீர், டீசல், கேஸ், துணிமணி, ஆட்கள் எல்லாம் பயணத்தில் இருப்பது போலவே ஏற்றிக்கொண்டு. முதலில் முன் சக்கரம் மட்டும் மேடையில், பிறகு முழு வண்டி, பிறகு பின் சக்கரம் மட்டும். மேடையும் அதற்கு முன்பின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு மாறும். மொத்தம் 3,420 கிலோ. முன்னால் 960, பின்னால் 2,460. அதாவது திருப்புகிற சக்கரத்தின் மேல் மொத்த எடையில் 28 சதவீதம்தான். மூன்று எடைக்கும் சேர்த்து 300 ரூபாய் கொடுத்தேன். இதை முதல் நாளே செய்திருந்தால் டேம்பர் காசும் பட்டைக் காசும் மிச்சம்.

தொட்டி 150 லிட்டர், அதாவது 150 கிலோ. அது பின் ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருந்தது. 150ஐ 1.2ஆல் பெருக்கி 3.35ஆல் வகுத்தால் 54 கிலோ. தொட்டியின் முழு எடையும் பின் ஆக்ஸிலில் விழுவதோடு, முன் ஆக்ஸிலிலிருந்து 54 கிலோவைத் தூக்கியும் விடுகிறது. சீசா பலகை மாதிரி. பேட்டரி இரண்டும் சேர்த்து 110 கிலோ, இன்னும் பின்னால், 1.4 மீட்டரில். அது 46 கிலோவைத் தூக்கியது. ஆக 100 கிலோ முன்னாலிருந்து காணாமல் போயிருக்கிறது. தொட்டியை இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே உட்காரும் பலகைக்கு அடியில் கொண்டுவந்தோம், பேட்டரிகளை ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினோம். கூடுதல் பட்டை இரண்டையும் கழற்றினோம். மறுபடி எடை மேடை. முன்னால் 1,180. ஏற்றிய சாமானில் ஒரு கிலோ கூட இறக்காமல், இடம் மாற்றியதிலேயே 220 கிலோ முன்னால் வந்திருந்தது. திரும்பும் வழியிலேயே ஸ்டியரிங் கனமாக, கைக்குப் பிடிப்பாக இருந்தது. சந்தோஷத்தில் தேவிபட்டினம் வரை சும்மா போய்வந்தேன்.

எடை தெரிந்ததால் டயர் காற்றும் சரியானது. அதுவரை பஞ்சர் கடையில் ஆறு டயருக்கும் 65 அடித்துவிடுவார்கள், நானும் கேட்டதில்லை. எடை குறைவான முன் டயரில் அவ்வளவு காற்று இருந்தால் டயர் நடுப்பகுதியில் மட்டும் ரோட்டைத் தொடும், சின்னப் பள்ளமும் வண்டியைத் திருப்பும். டயர் கம்பெனியின் எடை அட்டவணையைப் பார்த்தேன், எங்கள் எடைக்கு 50 போதும் என்று வந்தது. உங்கள் டயருக்கும் எடைக்கும் வேறு வரும், என் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள், இரட்டை டயரில் உள் டயரை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது தேய்மானம். இதற்கு ராமநாதபுரத்தில் ஒரு பட்டறை அண்ணன் சொல்லிக்கொடுத்த முறை எளிது. எஞ்சின் ஓடட்டும், ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சமாக ஆட்டட்டும், நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ அங்கேதான் ப்ளே. எங்களுக்கு ஸ்டியரிங் பாக்ஸைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட் ஒன்று தளர்ந்திருந்தது, இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை மூட்டுகளான டை ராட் எண்டு இரண்டும் போயிருந்தன, இடது கிங் பின் தேய்ந்திருந்தது. பாக்ஸின் திருகை அண்ணன் பழைய இடத்துக்கே தளர்த்தி வைத்தார். ஸ்டியரிங் வீலின் விளிம்பில் 60 மில்லிமீட்டர் இருந்த ப்ளே 15க்கு வந்தது.

ஓட்டும்போது பின்பக்கம் தனியாக நடப்பது போலவும் ஓர் உணர்வு இருந்தது, அதற்குக் காரணம் பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் ரப்பர் புஷ். ரப்பர் தூளாகிவிட்டிருந்தது. அதனால் பின் ஆக்ஸிலே கொஞ்சம் கோணலாக நகர்ந்து, பின் சக்கரமும் சேர்ந்து வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தது. எட்டு புஷ்ஷும் மாற்றினோம், பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட்டைப் புதிதாகப் போட்டு இறுக்கினோம், 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கினோம். அந்த மறு இறுக்கலைத் தவறவிடாதீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் வீல் அலைன்மென்ட். மூட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது அலைன்மென்ட் பார்த்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதையும் தண்ணீர் நிரப்பி, பயண எடையோடுதான் பார்க்கச் சொன்னேன், காலி வண்டியில் கேஸ்டர் வேறு காட்டும். முன் சக்கரங்கள் வெளிப்பக்கம் விரிந்து டோ அவுட்டில் இருந்தன, கொஞ்சம் உள்பக்கம் டோ இன்னுக்குக் கொண்டுவந்தார்கள். கேஸ்டர் இன்னும் குறைவாக இருந்ததால் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்தோம்.

சாய்வாட்டத்துக்குத் தனியாகச் செய்தது மூன்று. மேலே இருந்த 60 கிலோ இரும்பு கேரியரை எடுத்துவிட்டு பேனல்களை அலுமினியச் சட்டத்தில் பொருத்தினேன், உயரத்தில் இருந்து இறங்கும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் தெரிகிறது. நான்கு ஷாக் அப்சார்பரும் புதிது. ஷாக் எடையைத் தாங்காது, ஆட்டத்தை அடக்கும், அவ்வளவுதான், அதனால் உட்கார்ந்த வண்டியை ஷாக் மாற்றித் தூக்க முடியாது. கடைசியாகப் பின்னால் ஸ்டெபிலைசர் பார், 14,000 ரூபாய். ஒரு பக்கம் அமுங்கும்போது இந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு மறுபக்கத்தையும் சேர்த்து இழுக்கும், வண்டி சாய்வது குறையும். சாயல்குடி பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே லாரி வந்தால் முதலில் தள்ளி, அது கடந்ததும் இழுக்கும், அந்த இரட்டை ஆட்டம் இப்போது ஒரே அசைவோடு நின்றுவிடுகிறது. இதை முதலிலேயே போட்டிருந்தால் அலைச்சல் போயிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். சாய்வு வேறு நோய், அலைச்சல் வேறு நோய்.

இத்தனை கிலோமீட்டரில் மறுபடி கெட்டது என்ன என்றால், உப்புக் காற்று தின்றவைதான். ஸ்டெபிலைசர் லிங்க் ரப்பர் இரண்டு முறை மாற்றியாயிற்று. தனுஷ்கோடிச் சாலையில் மணல் பறந்து வந்து பட்டைகளுக்கு நடுவே அடைகிறது, துருவும் சேர்ந்தால் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஸ்பிரிங் கல் மாதிரி ஆகிவிடும். அரிச்சல்முனை போய் வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன், 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிங் பின்னுக்கும் ஷேக்கிள் பின்னுக்கும் கிரீஸ். கீழக்கரையில் ஒருமுறை கிரீஸ் அடிக்கும்போது ஒரு நிப்பிளில் கிரீஸ் ஏறவே இல்லை, கழற்றினால் உள்ளே முழுக்கத் துரு. அன்று பார்க்காமல் விட்டிருந்தால் புது கிங் பின்னும் போயிருக்கும்.

கச்சான் இன்னும் தள்ளத்தான் செய்கிறது. பாலத்தில் 40க்கு மேல் போவதில்லை, முடிந்தால் காற்று எழும்புவதற்கு முன் விடியற்காலையில் கடந்துவிடுவேன். தள்ளும்போது கொஞ்சம் எதிர்ப்பக்கம் பிடித்தால் வண்டி அங்கேயே நிற்கிறது, விட்டால் மெதுவாக நேருக்கு வருகிறது, துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. பாதித் தொட்டித் தண்ணீரோடு ஓட்டும்போது வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் மோதுவது மட்டும் இன்னும் தெரிகிறது. தொட்டிக்குள் குறுக்குத் தடுப்பு இரண்டு வைத்துப் புதிதாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் வருகிறது.