ஷார்ஜாவின் 'அல் கலீஜ்' நாளிதழ்: நெடுநாள் வாசிப்பில் தெரிந்தவை

துபாயில் வேலை, துபாயில் வீடு என்றால் ஆங்கில நாளிதழே போதும். அரபு நாளிதழான 'அல் கலீஜ்' பக்கம் வரத் தேவையில்லை. ஷார்ஜாவில் குடித்தனம் நடத்துபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய பத்திரிகை இது. தர்யம் உம்ரான் சகோதரர்கள் 1970இல், அதாவது அமீரகம் உருவாவதற்கு முந்தைய ஆண்டே தொடங்கியது. 1972இல் நின்றுபோய் 1980இல் மறுபடி வரத் தொடங்கியது. மற்ற பத்திரிகைகள் இரண்டு வரியில் முடித்துவிடும் ஷார்ஜா சங்கதிகள் இதில் விலாவாரியாக வரும். 'அல் கத் அல் முபாஷிர்' நேரலை நிகழ்ச்சிக்கு ஆட்சியாளர் ஷேக் சுல்தான் போன் செய்து அறிவிக்கும் விஷயங்கள் இதற்கு நல்ல உதாரணம்.

முதல் பக்கத்தில் அதிக நேரம் போக்க வேண்டாம். அங்கே வாக்கியம் பெரும்பாலும் வினைச்சொல்லில் தொடங்கும். 'உத்தரவிட்டார்' என்று ஆரம்பித்து, 'ஸாஹிபுஸ்ஸுமுவ் அஷ்ஷேக் அத்துக்தூர்' (மேதகு ஷேக் டாக்டர்) என்று போய், உச்ச மன்ற உறுப்பினர், ஷார்ஜா ஆட்சியாளர் என்று பட்டங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் என்ன உத்தரவு என்பதே தெரியும். 'ஹாகிம் அஷ்ஷாரிகா' (ஷார்ஜா ஆட்சியாளர்) என்ற இடம் வரை கண்ணை ஓட்டிவிட்டு, அதற்கு அடுத்த சொல்லிலிருந்து படித்தால் போதும். தலைப்பில் பட்டங்கள் குறைவு, அதனால் அது சுலபம்.

ஆதாயமெல்லாம் 'அக்பார் அத்தார்' என்ற உள்ளூர்ப் பகுதியில். நான்கு சொற்களை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது: கராமா (அபராதம்), முகாலஃபா (விதிமீறல்), முஹ்லா (கெடு), இஃதிபாரன் மின் (இன்ன தேதி முதல்). கடைசிச் சொல்தான் முக்கியம். ஒரு சட்டம் வெளியாகும் நாள் வேறு, அமலாகும் நாள் வேறு. 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டம் 2022 பிப்ரவரி 2 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. செய்தியில் சட்ட எண்ணையும் ஆண்டையும் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். அரசிதழில் மூலத்தைப் பார்க்க அது வேண்டும்.

குர்ஆன் ஓதத் தெரிந்தவர்களுக்கு எழுத்து பிரச்சினையில்லை. ஆனால் ஸபர், ஸேர், பேஷ் என்ற உயிர்க்குறிகள் எதுவும் அச்சில் இருக்காது. முதலில் ஊர்ப்பெயர், ஆள்பெயர், எண்கள் ஆகியவற்றை மட்டும் பொறுக்கிப் படித்துப் பழகினால் சீக்கிரம் கைவரும்.

மொழிபெயர்ப்புச் செயலியை நம்புபவர்கள் பிடிஎஃப் பதிப்பை விட்டுவிட்டு இணையதளத்து எழுத்துகளையே நகலெடுங்கள். பிடிஎஃபிலிருந்து எடுத்தால் லாம்-அலிஃப் என்ற கூட்டெழுத்து உடைந்து போகும், சில சமயம் வரியே தலைகீழாக வரும். அச்சுத் தாளைக் கேமராவில் காட்டினால் ஒல்லியான பத்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரு பத்தியை மட்டும் தெரியவிட்டு மற்றதை மறைத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் அழகுக்காக இழுத்து எழுதிய எழுத்துகளும் செயலியைக் குழப்பும். '10-15' போன்ற எண்கள் இடம் மாறித் தெரியலாம். அபராதத் தொகை என்றால் தாளோடு ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

குறை இல்லாமல் இல்லை. அரசை விமர்சிக்கும் எழுத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். அதற்குக் குவைத் பத்திரிகைகள் எவ்வளவோ தேவலாம். வெளிநாட்டுச் செய்திகளில் பெரும்பகுதி ஏஜென்சி சரக்கு. குற்றச் செய்தியில் 'ஆஸ்யவி' (ஆசியர்) என்று மட்டும் இருக்கும். இந்தியரா, பாகிஸ்தானியரா, வங்கதேசத்தவரா என்று தெரியாது.

உரியவர் கையில் நேரில் சேர்க்க முடியாத நீதிமன்ற அறிவிப்புகள் பத்திரிகை விளம்பரமாகவும் வருவதுண்டு. காசோலை, கடன் சிக்கல் உள்ளவர்கள் தங்கள் பெயரைத் தேடிப் பார்க்கலாம். இதில் நம் பெயர்களுக்குத் தனித் தொல்லை: அரபியில் ஆங்கில 'p' ஒலிக்கு எழுத்து இல்லை, 'b' ஒலிக்கான 'பா' எழுத்தையே போடுவார்கள். 'கணேசன்' என்பதன் முதலெழுத்து காஃப் என்ற அரபு எழுத்தாகவும் வரலாம், ஜீமாகவும் வரலாம், கைனாகவும் வரலாம். எமிரேட்ஸ் ஐடியில் அரபியில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே முதலில் தேடுங்கள். அப்புறம் தந்தை பெயரை எடுத்துவிட்டு ஒருமுறை, முதலெழுத்தை மாற்றி ஒருமுறை.